குறிஞ்சி ஒரே ஒரு செடி இல்லை: ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பிடித்து மலைப்பாதையோரம் நீலமாக ஏதாவது பூத்துவிட்டால் போதும், "இது குறிஞ்சியா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று எனக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். பல வருடமாகப் பழனி மலையிலும் நீலகிரியிலும் செடி பார்த்துத் திரிகிறவன் என்பதால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறேன். கேள்விகள் எனக்கு வந்த மாதிரியேதான் இருக்கின்றன.

குறிஞ்சி என்பது ஒரு செடியின் பெயர்தானே? அதில் என்ன குழப்பம்?

குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. 12 வருடத்துக்கு ஒருமுறை மலையையே நீலமாக்கும் நீலக்குறிஞ்சி ஒரு சிற்றினம், அதன் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. இதில் முதல் பாதி பேரினத்தின் பெயர், ஒரு வீட்டுப் பெயர் மாதிரி. அந்த வீட்டில் ஏறக்குறைய 400 சிற்றினங்கள் இருக்கின்றன. நம் மலைகளில் மட்டும் பல பத்து உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றையும் மக்கள் குறிஞ்சி என்றேதான் சொல்கிறார்கள், சிலவற்றுக்குக் கருங்குறிஞ்சி என்பது போல முன்னொட்டு உண்டு. அதனால் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று செய்தி வந்தால் நான் முதலில் கேட்பது இரண்டே விஷயம்: எந்தக் குறிஞ்சி, எந்த மலை? இந்த இரண்டும் தெரியாமல் வருடக் கணக்கு போடவே முடியாது.

ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பெயரை யார் வைத்தது?

கார்ல் லுட்விக் புளூம். டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் வேலை பார்த்த தாவரவியலாளர். 1826-ல் வெளியிட்டார். கிரேக்கத்தில் ஸ்ட்ரோபிலோஸ் என்றால் பைன் மரத்துக் கூம்புக்காய், ஆந்தோஸ் என்றால் பூ. மொட்டுவிட்ட கதிரைப் பார்த்தால் காரணம் புரியும், பூவடிச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் குட்டிக் கூம்பு போலவே இருக்கும். ஆக நாம் நம் பூ, நம் பூ என்று கொண்டாடும் இந்தப் பேரினத்துக்குப் பெயர் கிடைத்தது ஜாவாவின் காட்டுச் செடியை வைத்துத்தான். நீலக்குறிஞ்சி அறிவியல் ஏட்டில் ஏறியது அதற்கு ஆறு வருடம் கழித்து, 1832-ல்.

இது எந்தக் குடும்பம்? சமவெளியில் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டா?

நிறைய உண்டு, நீங்கள் தினமும் பார்ப்பவைதான். குடும்பம் அக்காந்தேசியே. தலையில் வைக்கும் கனகாம்பரம், சளிக்குக் கஷாயம் போடும் ஆடாதோடை, காய்ச்சலுக்கு நிலவேம்பு, நாகமல்லி, நீர்முள்ளி, செம்முள்ளி எல்லாம் இந்தக் குடும்பம்தான். இன்னும் நெருங்கிய சொந்தம் வேண்டுமென்றால் பட்டாசுக்காய். சின்ன வயதில் எச்சில் தொட்டோ தண்ணீரில் போட்டோ 'பட்' என்று வெடிக்கவைத்து விளையாடினோமே, அந்த ஊதாப்பூச் செடியின் பேரினம் ருவெல்லியா. குறிஞ்சியும் அதுவும் ஒரே பிரிவில் வருகின்றன. குறிஞ்சிக் காயும் முற்றியபின் அப்படித்தான் வெடித்து விதையை எறியும். உள்ளே விதைக்குக் கீழே கொக்கி மாதிரி ஒரு காம்பு இருக்கும், விதையைத் தூக்கி வீச உதவுவது அது. இந்தக் கொக்கி அக்காந்தேசியே குடும்பத்தின் பெரும்பகுதிக்கு உள்ள பொது அடையாளம்.

ஒரு செடி ஸ்ட்ரோபிலாந்தஸ்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது?

நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். நீலம், ஊதா, வெள்ளை, இளமஞ்சள், கருஞ்சிவப்பு என்று இந்தப் பேரினத்தில் எல்லாம் இருக்கிறது. ஒரு பூவை (கீழே உதிர்ந்து கிடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், பறிக்க வேண்டாம்) நீளவாக்கில் பிரித்துப் பாருங்கள். அல்லிக் குழாயின் உட்புறம் மேல்பக்கத்தில் இரண்டு வரிசையாக மெல்லிய முடிகள் ஓடும், அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே சூல்தண்டு தொட்டிலில் படுத்த மாதிரி பிடிபட்டு நிற்கும். இந்தப் பேரினத்தை ஒன்றாகக் கட்டுவது இந்த முடி வரிசைதான். முதல்முறை லென்ஸ் வைத்து இதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது, அதுவரை இலையையும் நிறத்தையும் வைத்துத் தப்பும் தவறுமாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றபடி எதிரெதிர் இலை, கணுவுக்கு மேல் கொஞ்சம் புடைத்த தண்டு, ஐந்து இதழ் மடல், நான்கோ இரண்டோ மகரந்தத் தாள், பெரும்பாலும் நான்கு விதை. நனைந்தால் பலவற்றின் விதையில் வழவழப்பான முடிகள் விரியும்.

பழைய புத்தகங்களில் நீல்கிரியாந்தஸ், கார்வியா, பிளெபோஃபில்லம் என்றெல்லாம் படித்தேன். அவை வேறு பேரினங்கள் இல்லையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், இந்தப் பேரினத்தின் வரலாறே இதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான நீஸ் ஃபான் எசென்பெக் இந்தியாவிலிருந்து போன உலர்செடிகளைப் பார்த்துப் பல சிறு பேரினங்களை உருவாக்கினார். நீலக்குறிஞ்சிக்கு அவர் வைத்த பெயர் பிளெபோஃபில்லம் குந்தியானம். பிளெபோஃபில்லம் என்றால் நரம்பிலை. இலையைத் திருப்பிப் பாருங்கள், வெளிறிய அடிப்பக்கத்தில் நரம்புகள் வரிவரியாக எழுந்து நிற்கும், அவ்வளவு பொருத்தமான பெயர். அப்புறம் வந்தவர்கள் இவற்றை ஸ்ட்ரோபிலாந்தஸுக்குள் சேர்த்தார்கள். 1880-களில் பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களைத் தொகுத்தபோது சி. பி. கிளார்க் நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியச் சிற்றினங்களை இந்த ஒரே பெயருக்குக் கீழேதான் வைத்தார்.

பிறகு 1944. போர் நடந்துகொண்டிருந்த நெதர்லாந்தில் பிரெமேகாம்ப் என்பவர் மகரந்தத் தூள், விதை, பூங்கொத்து என்று நுணுக்கமாகப் பார்த்து இந்த ஒரு பேரினத்தை 50-க்கும் மேற்பட்டதாக உடைத்தார். நீல்கிரியாந்தஸ், கார்வியா, பாஃபிகாகாந்தஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பெயர் வைத்துக் களைத்துப்போனாரோ என்னவோ, கோல்ட்ஃபுசியா என்ற பழைய பெயரின் எழுத்துகளையே மாற்றிப் போட்டு டிஃப்ளுகோசா என்று ஒரு பேரினம் செய்தார். அவர் பார்த்த வேறுபாடுகள் பொய்யில்லை. இந்தச் செடிகளின் மகரந்தத் தூளில் இருக்கும் வகைவகையான வடிவங்களைப் பார்த்தால் யாருக்கும் பிரிக்கத்தான் தோன்றும். ஆனால் நடைமுறையில் நுண்ணோக்கி இல்லாமல் ஒரு செடியின் பேரினத்தைக்கூடச் சொல்ல முடியாத நிலை வந்தது, ஒன்றிரண்டு செடிக்கே ஒரு பேரினம் என்றானது.

1983-ல் ஜப்பானியரான தெராவோ எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கலாம் என்றார். 2004-ல் வந்த மரபணு ஆய்வும் அந்தப் பக்கமே சாய்ந்தது: மொத்தக் கூட்டமும் ஒரே மூதாதையிலிருந்து வந்தது, ஆனால் உள்ளே பிரெமேகாம்ப் போட்ட எல்லைகள் பல இடங்களில் நிற்கவில்லை. ஹெமிக்ராஃபிஸ், ஸ்டெனோசிஃபோனியம் என்று எப்போதும் தனியாகவே இருந்தவைகூட இந்தக் கூட்டத்துக்குள்தான் விழுந்தன. அதனால் இன்று எல்லாம் ஸ்ட்ரோபிலாந்தஸ். ஒரே பேரினமாக வைத்திருப்பதுதான் சரி என்பது என் எண்ணமும், மலையில் நின்று செடி பார்க்கிறவனுக்கு அதுதான் உதவுகிறது.

குந்தியானா, குந்தியானஸ் இரண்டும் வேறு வேறா?

ஒன்றுதான். லத்தீன் பெயரில் பேரினம் ஆண்பாலா பெண்பாலா என்பதற்கு ஏற்பச் சிற்றினத்தின் விகுதி மாறும். முன்பு ஆண்பாலாக எழுதினார்கள், இப்போது விதிப்படி பெண்பால், ஆகவே குந்தியானா. பழைய பலகைகளில் மற்றது இருக்கும், திருத்தச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம்.

உலகத்தில் எங்கெல்லாம் இந்தப் பேரினம் இருக்கிறது?

ஆசியா. இயற்கையில் ஆப்பிரிக்காவிலோ அமெரிக்காவிலோ கிடையாது. மேற்கே ஆப்கானிஸ்தானின் ஓரத்தில் தொடங்கி இமயமலை முழுக்க ஓடி, மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனா, ஜப்பானின் தெற்கு, அப்புறம் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நியூ கினி, பசிபிக்கின் மேற்குத் தீவுகள் வரை. சீனாவின் தாவரத் தொகுப்பு 128 சிற்றினங்களைக் கணக்கில் காட்டுகிறது. இந்தியாவிலும் நூற்றுக்கு மேல் உண்டு. இலங்கையில் சுமார் 30, அவற்றில் பெரும்பாலானவை அந்தத் தீவைத் தாண்டி எங்குமே இல்லாதவை. சிங்களத்தில் இவற்றை நெலு என்பார்கள், அங்கே மலைமேல் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் நெலு பூக்கும் வருடம் அங்கேயும் திருவிழாதான்.

வெப்பமண்டலச் செடி என்று சொன்னாலும் இவற்றுக்குப் பிடித்தது வெயில் காயும் சமவெளி இல்லை, மேகம் இறங்கும் ஈர மலை. இமயத்தின் சில சிற்றினங்கள் உறைபனியையே தாங்கும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் ஏன் இவ்வளவு வகை?

கொடைக்கானலில் ஒரு தெளிந்த காலையில் நின்று பார்த்தால் பதில் கண்ணுக்கே தெரியும். கீழே வறண்ட சமவெளி, மேலே தனித்தனியாக நிற்கும் மலைகள். ஈர மலையில் மட்டும் வாழும் செடிக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவு, சுற்றியுள்ள சமவெளிதான் கடல். பாலக்காட்டுக் கணவாய் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஒரு பெரிய வெட்டு. விதையோ, காய் வெடித்து விழுகிற தூரம்தான் போகும், காற்றில் பறக்கச் சிறகு கிடையாது. அதற்கு மேல் பல சிற்றினங்கள் பல வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும் என்பதால், பக்கத்து மலையில் பூக்கும் வருடம் தவறிப்போனால் இரண்டுக்கும் கலப்பே இல்லாமல் போகும். இப்படிப் பிரிந்து கிடந்தால் காலப்போக்கில் வெவ்வேறு சிற்றினமாகத்தானே ஆகும்.

நீலக்குறிஞ்சி குறிப்பாக எங்கெல்லாம் வளர்கிறது?

நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, மூணாறு சுற்று, ஏலமலை, கர்நாடகத்தில் சிக்கமகளூர்ப் பக்கம். 2024-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்காக இதை மதிப்பிட்டவர்கள் 34 தனித்தனிக் கூட்டங்களைக் கணக்கெடுத்தார்கள். 33 மேற்குத் தொடர்ச்சி மலையில், மீதி ஒன்று மட்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையில், நம் ஏற்காட்டில். சேர்வராயன் மலைக்காரர்கள் அந்த ஒன்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உயரம் ஏறத்தாழ 1,340 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரை.

இன்னொன்று, நீலக்குறிஞ்சி புல்வெளிச் செடி. இதன் சொந்தங்கள் பல சோலைக்காட்டுக்குள் மர நிழலில் வளரும், இது திறந்த வெயிலில் புல்லோடு புல்லாக நிற்கும். அந்தப் புல்வெளியைத்தான் தரிசு என்று நினைத்து தைலமரமும் சீகை என்கிற வாட்டில் மரமும் வைத்தோம், தேயிலை போட்டோம். அதே மதிப்பீட்டில் இதை 'அழியும் வாய்ப்புள்ள' நிலையில் வைத்ததற்குக் காரணம் இந்த வாழிட இழப்பு.

எல்லாக் குறிஞ்சியும் 12 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்குமா?

இல்லவே இல்லை. வருடா வருடம் பூப்பவையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் கார்வி என்று சொல்லும் ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசா எட்டு வருடத்துக்காரர், மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2008, 2016, 2024 என்று பூத்தது. அங்கே கார்வித் தண்டை வரிச்சாகக் கட்டி மண்ணும் சாணமும் பூசிக் குடிசைச் சுவர் எழுப்புவார்கள். ஜாவாவில் கெடே எரிமலையின் சரிவில் ஸ்ட்ரோபிலாந்தஸ் செர்னுவா ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை. இமயத்திலும் பல வருட இடைவெளி விட்டுப் பூப்பவை இருக்கின்றன. பல வருடம் இலையும் தண்டுமாக இருந்து, ஒரே வருடம் கூட்டமாகப் பூத்து, விதைத்து, கூட்டமாகவே மடிந்துபோவது இந்தப் பேரினத்தில் பல கிளைகளில் காணப்படும் பழக்கம், நீலக்குறிஞ்சி அதில் மிகவும் புகழ்பெற்றது, அவ்வளவுதான்.

நீலக்குறிஞ்சி அடுத்துப் பூப்பது 2030-ல் என்கிறார்கள். ஆனால் 2022-லும் 2024-லும் பூத்ததாகச் செய்தி வந்ததே?

நியாயமான கேள்வி, எனக்கு அதிகம் வருவதும் இதுதான். 1838-லிருந்து பதிவான பெரும் பூப்பு 12 ஆண்டு கணக்கில் ஓடி 1994, 2006, 2018 என்று வந்திருக்கிறது, அந்தக் கணக்கில் அடுத்தது 2030. மூணாறு, கொடைக்கானல், நீலகிரி என்று பெரும் கூட்டங்கள் ஓடுவது இந்தக் கடிகாரத்தில்.

ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே கடிகாரம் இல்லை. 2022-ல் இடுக்கியின் கள்ளிப்பாறையிலும் சிக்கமகளூர் மலைகளிலும் பூத்தது, 2024-ல் ஊட்டிக்கு அருகே பிக்கபத்தி மந்து என்ற தோடர் குடியிருப்புப் பக்கம் பூத்தது. அவை வேறு வருடத்தில் முளைத்த கூட்டங்கள், அவற்றின் 12 வருடம் வேறு இடத்தில் தொடங்குகிறது. இதுபோக, செய்தியில் வரும் படத்தில் இருப்பது பல நேரம் நீலக்குறிஞ்சியே இல்லை, பக்கத்துச் சிற்றினம். அதனால் செய்தி பொய் என்று உடனே சொல்லிவிடாதீர்கள், சிற்றினத்தையும் இடத்தையும் குறித்து வையுங்கள். நான் 2018-ல் பார்த்த சரிவுகளின் பெயரைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், 2030-ல் அதே சரிவுகளுக்குப் போய்ப் பார்க்க.

ஏன் இப்படிக் கூட்டமாகப் பூத்துச் சாக வேண்டும்?

மூங்கிலுக்குச் சொல்லும் விளக்கமே இதற்கும் சொல்லப்படுகிறது. வருடா வருடம் கொஞ்சம் விதை போட்டால் பறவையும் எலியும் பூச்சியும் தின்று தீர்த்துவிடும். ஒரே வருடம் மலை நிறைய விதை போட்டால் தின்ன தின்ன மிஞ்சும். கூட்டமாகப் பூத்தால் தேனீக்களும் கூட்டமாக வரும், அயல் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும். காத்திருக்கும் வருடங்களில் தின்பவற்றின் எண்ணிக்கையும் இதை நம்பிப் பெருக முடியாது. செடிக்குள் அந்த 12-ஐ எது எண்ணுகிறது என்பதுதான் இந்தப் பேரினத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி, விடை வரும்வரை வருடம் குறிப்பதுதான் நம்மால் முடிந்த வேலை.

வீட்டில் வளர்க்க முடியுமா?

நீலக்குறிஞ்சியைத் தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். சமவெளியில் நிற்காது, மலையிலிருந்து பிடுங்கி வருவதும் குற்றம். இந்தப் பேரினம் வீட்டில் வேண்டுமென்றால் முறிகூட்டி வையுங்கள், கீழ்ப்பக்கம் ஊதாவாக மினுங்கும் படர்செடி, கேரளத்தில் வெட்டுக்காயத்துக்கு அரைத்துப் போடுவார்கள். முன்பு ஹெமிக்ராஃபிஸ், இப்போது ஸ்ட்ரோபிலாந்தஸ் ஆல்டர்னேட்டா. நர்சரிகளில் பெர்ஷியன் ஷீல்டு என்று விற்கும் வெள்ளியும் ஊதாவும் கலந்த இலைச்செடியும் இந்த வீட்டுப் பிள்ளைதான், பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மியான்மர்ச் செடி.

இந்தப் பேரினத்தால் வேறு பயன் உண்டா?

ஸ்ட்ரோபிலாந்தஸ் கூசியாவின் இலையிலிருந்து அவுரி போலவே நீலச்சாயம் எடுக்கிறார்கள். அசாம், தென்சீனா, தாய்லாந்து, ஜப்பானின் ஒகினாவா வரை அதற்குப் பழைய மரபு உண்டு. கேரள ஆயுர்வேதத்தில் சகசரம் என்று பயன்படுத்துவது கருங்குறிஞ்சியான ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியாட்டாவின் வேர். அதே பெயரில் மற்ற ஊர்களில் செம்முள்ளியைக் கொடுப்பார்கள், வாங்கும்போது எது என்று கேளுங்கள்.

சங்கப் பாட்டுக் குறிஞ்சி இந்த நீலக்குறிஞ்சிதானா?

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு 'கருங்கோல் குறிஞ்சி' என்கிறது, கரிய தண்டு. அந்தப் பூவிலிருந்து பெருந்தேன் கட்டும் மலைநாடு என்று தொடர்கிறது. மலைச்சாரல், கரிய தண்டு, தேன் மிகுதி, மூன்றுமே இந்தப் பேரினத்துக்குப் பொருந்துகின்றன, பூக்கும் வருடத்தில் தேனீ அப்படி மொய்க்கும். ஆனால் அது குறிப்பாக இந்த ஒரு சிற்றினம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மலைக்காரர்கள் இன்றைக்கு நாம் சொல்வது போலப் பலவற்றையும் குறிஞ்சி என்றே அழைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

பூக்கும் வருடத்தில் போய் ஒரு கொத்து பறித்தால் என்ன?

அந்தச் செடிக்கு அது வாழ்நாளின் ஒரே பூப்பு. கொத்தைப் பறித்தால் 12 வருடக் காத்திருப்பு விதையில்லாமல் முடிகிறது. சட்டப்படியும் நீலக்குறிஞ்சி இப்போது வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது, பிடுங்கினாலோ அழித்தாலோ மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

படம் அனுப்பினால் எந்தச் சிற்றினம் என்று சொல்வீர்களா?

பூவை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பினால் முடியாது. முழுச் செடி ஒன்று, நிற்கும் இடம் ஒன்று (புல்வெளியா, மரத்தடியா), இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூங்கொத்தின் செதில்கள் பக்கவாட்டில், முடிந்தால் உதிர்ந்த பூவின் உட்புறம். கூடவே ஊர், தோராயமான உயரம், தேதி. பழைய தண்டுகள் காய்ந்து நிற்கின்றனவா, பக்கத்தில் நாற்று முளைத்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள், பூத்து எத்தனை நாள் ஆயிற்று என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.